இஎஸ்பியில் ப்ராக்ஸி சர்வீஸ்: ஒரு பதில் தாமதமானால் அடுத்து வரும் எல்லாமே தோற்கிறது

புதுப்பஸ் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. வாடிக்கையாளர் விவரங்களைச் சரிபார்க்கவும் திருத்தவும் ஒரு கூட்டாளி நிறுவனம் சோப் சேவை (எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசும் வெப் சேவை) தருகிறது. எங்கள் பக்கம் அதைக் கூப்பிடும் பயன்பாடுகள் பல. ஜாவாவில் சில, டாட்நெட்டில் ஒன்று, எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டதால் யாரும் தொடத் துணியாத பழைய ஒன்று. ஒவ்வொன்றும் கூட்டாளியின் முகவரி, பாஸ்வேர்டு, சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. பாஸ்வேர்டு மாறினால் அன்றைக்கு எல்லா அணிகளும் ஓட வேண்டும்.

இதை ஒரே இடத்துக்குக் கொண்டுவரலாம் என்று, ஏற்கெனவே வேறு வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கும் டபிள்யூஎஸ்ஓ2 இஎஸ்பி 5.0-வில் (பயன்பாடுகளுக்கு இடையே செய்திகளைக் கடத்தும் மென்பொருள்) ஒரு ப்ராக்ஸி சர்வீஸ் (கூட்டாளி சேவைக்கு முன்னால் நிற்கும் இடைச் சேவை) போட்டேன். கூட்டாளியின் டபிள்யூஎஸ்டிஎல்லைக் (சேவையின் விவரக் கோப்பு) கொடுத்து, அட்ரஸ் எண்ட்பாயின்டில் (கோரிக்கை எங்கே போக வேண்டும் என்ற அமைப்பு) அவர்கள் முகவரியைப் போட்டு, அவுட் சீக்வென்ஸில் (பதில் திரும்பும் வழி) ஒரு செண்ட். அவ்வளவுதான். 8243 போர்ட்டில் சோப்யூஐ என்ற சோதனைக் கருவி வழியாக அடித்தால் ஒழுங்காகப் பதில் வருகிறது. பயன்பாடுகளை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கியதும் இவை கிளம்பின:

ப்ராக்ஸியின் டபிள்யூஎஸ்டிஎல் பிரௌசரில் திறக்கிறது, ஆனால் அதை வைத்து ஜாவா ஸ்டப் (சேவையைக் கூப்பிடும் நிரல்) உருவாக்கினால் எக்ஸ்எஸ்டி ஃபைல் (தரவின் அமைப்பைச் சொல்வது) கிடைக்கவில்லை என்று நிற்கிறது.

டாட்நெட் பயன்பாட்டிலிருந்து வரும் கோரிக்கைக்கு மட்டும் கூட்டாளி பக்கம் 415 (இந்த வகைச் செய்தியை ஏற்க முடியாது என்ற எர்ரர்) தருகிறது.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி. ஏதாவது ஒரு கோரிக்கைக்குக் கூட்டாளி பக்கம் பதில் தாமதமானால், அதற்குப் பின் வரும் எல்லாக் கோரிக்கைகளும் உடனடியாகத் தோற்கின்றன. அவர்கள் லாகில் அந்தக் கோரிக்கைகள் வந்ததற்கே தடயம் இல்லையாம். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியாகிறது. எங்கள் லாகில் 303001 என்று ஒரு எண் மட்டும் வருகிறது. நெட்வொர்க் அணியைக் கேட்டால் தங்கள் பக்கம் சுத்தம் என்கிறார்கள்.

எக்ஸ்எம்எல்_கிழவன்

முதல் இரண்டும் சுலபம், அவற்றை முடித்துவிடுவோம்.

டபிள்யூஎஸ்டிஎல் உள்ளே எக்ஸ்எஸ்டியை இம்போர்ட் செய்யும் வரி இருக்கும். அதில் ஸ்கீமா லொகேஷன் என்று சார்பு முகவரி கொடுத்திருப்பார்கள். கூட்டாளியின் சர்வரில் அந்த ஃபைல் பக்கத்திலேயே இருக்கிறது, உங்கள் இஎஸ்பியில் இல்லை. எக்ஸ்எஸ்டிகளை எல்லாம் இறக்கி ரெஜிஸ்ட்ரியில் (இஎஸ்பியின் சேமிப்பிடம்) போடுங்கள். பிறகு ப்ராக்ஸியின் பப்ளிஷ் டபிள்யூஎஸ்டிஎல் பகுதியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிசோர்ஸ் வரி: லொகேஷன் என்பதில் இம்போர்ட் வரியில் இருக்கும் அதே எழுத்து, கீ என்பதில் ரெஜிஸ்ட்ரி பாதை. அதே எழுத்து என்றால் அதே எழுத்துதான். முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் இருந்தால் அதையும் சேர்த்தே போட வேண்டும். ஒரு எக்ஸ்எஸ்டி இன்னொன்றை இம்போர்ட் செய்தால் அதற்கும் ஒரு வரி.

டபிள்யூஎஸ்டிஎல்லைக் கூட்டாளியின் யுஆர்எல்லிலிருந்து நேரடியாக எடுக்கும்படி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் மாற்றிவிடுங்கள். இஎஸ்பி ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் அவர்கள் சர்வர் கீழே இருந்தால் உங்கள் ப்ராக்ஸியே டெப்ளாய் ஆகாது. இனேபிள் பப்ளிஷ் டபிள்யூஎஸ்டிஎல் சேஃப் மோட் என்று ஒரு பாராமீட்டர் இருக்கிறது, அதை ட்ரூ ஆக்கினால் டபிள்யூஎஸ்டிஎல் இல்லாமலே எழுந்து நிற்கும். ஆனாலும் உள்ளூர் நகல்தான் நல்லது. ஒப்பந்தம் மாறினால் அது உங்களுக்குத் தெரிந்து மாறட்டும்.

415 வருவது சோப் பதிப்பால். சோப் 1.1-க்கு கன்டென்ட் டைப் டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல், கூடவே சோப்ஆக்‌ஷன் என்று தனி ஹெடர். 1.2-க்கு அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல், ஆக்‌ஷன் அதற்குள்ளேயே ஒரு பாராமீட்டராகப் போகும். டாட்நெட்காரர்கள் 1.2 அனுப்புகிறார்கள், ப்ராக்ஸி இரண்டையும் வாங்கிக்கொள்ளும், வந்ததை வந்தபடியே தள்ளிவிடும். கூட்டாளி 1.1 மட்டும் வாங்குபவர். எண்ட்பாயின்டில் ஃபார்மேட்டை சோப்11 என்று வையுங்கள். மாற்றியபின் ஆபரேஷன் கிடைக்கவில்லை என்று ஃபால்ட் (சோப்பின் பிழைப் பதில்) வந்தால் சோப்ஆக்‌ஷன் காலியாகப் போகிறது என்று அர்த்தம். செண்டுக்கு முன் ஹெடர் மீடியேட்டரில் (செய்தியின் ஹெடரை மாற்றும் படி) ஆக்‌ஷனை நீங்களே வையுங்கள்.

மூன்றாவதைப் பற்றி எழுத இங்கே வேறு ஆள் இருக்கிறார். வருவார்.

சிக்கன_சர்வர்

எல்லோரும் பாய்வதற்கு முன் ஒரு அடிப்படைக் கேள்வி. முகவரியை மறைக்கவும் சர்டிஃபிகேட்டை ஒரே இடத்தில் வைக்கவும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் போதுமே? நாலு வரி கான்ஃபிக். இஎஸ்பி போல எண்ட்பாயின்டை ஒதுக்கிவைக்கும் சஸ்பெண்ட் கிஸ்பெண்ட் எதுவும் வராது. ஒரு கோரிக்கையை அப்படியே கடத்திவிட இஎஸ்பி எதற்கு?

புதுப்பஸ்

அப்படியே கடத்துவது இல்லை. கூட்டாளி டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி யூசர்நேம் டோக்கன் (சோப் ஹெடரில் வரும் பயனர் பெயர், பாஸ்வேர்டு) கேட்கிறார், டைம்ஸ்டாம்ப்போடு. அந்த ஹெடரை ப்ராக்ஸிதான் போட வேண்டும், இல்லையென்றால் பாஸ்வேர்டு மறுபடி எல்லாப் பயன்பாடுகளிலும் போய் உட்காரும். கிழவன் ஐயா சொன்ன 1.2-ஐ 1.1 ஆக்கும் வேலையும் இருக்கிறது.

ஐயா, எக்ஸ்எஸ்டி விஷயம் சரியாகிவிட்டது. ஒரு இம்போர்ட்டில் ஃபோல்டர் பெயரும் சேர்ந்து இருந்தது. 415-ம் போய்விட்டது. நன்றி.

சிக்கன_சர்வர்

டோக்கன் போடும் வேலை இருக்கிறதென்றால் சரி, என்ஜின்எக்ஸை விட்டுவிடுங்கள். அதில் எக்ஸ்எம்எல் ஹெடர் செருகுவதைப் பார்த்திருக்கிறேன், பராமரிப்பவர் பாவம். பாஸ்வேர்டை மட்டும் ப்ராக்ஸி எக்ஸ்எம்எல்லில் பச்சையாக எழுதாதீர்கள், செக்யூர் வால்ட்டில் (பாஸ்வேர்டை மறைத்து வைக்கும் வசதி) போடுங்கள்.

இரவுப்பணி

வந்துவிட்டேன்.

303001 என்றால் எண்ட்பாயின்ட் தயாராக இல்லை என்று பொருள். நெட்வொர்க்கில் எதுவும் உடையவில்லை, அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். கோரிக்கையை அனுப்ப வேண்டாம் என்று இஎஸ்பியே முடிவெடுத்துத் திருப்பி அனுப்புகிறது. லாகில் இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் பாருங்கள். "சஸ்பெண்டிங் எண்ட்பாயின்ட்" என்று தொடங்கி, கடந்த சஸ்பெண்ட் காலம் இவ்வளவு, இப்போதைய காலம் 30000 மில்லிசெகண்ட், அடுத்த முயற்சி இத்தனை மணிக்கு என்று ஒரு எச்சரிக்கை வரி இருக்கும். அதுதான் குற்றவாளி.

டபிள்யூஎஸ்ஓ2-வின் அடியில் ஓடுவது அப்பாச்சி சினாப்ஸ். அதில் ஒவ்வொரு எண்ட்பாயின்டுக்கும் ஒரு நிலை உண்டு: ஆக்டிவ், டைம்அவுட், சஸ்பெண்டட், ஆஃப். நீங்கள் எதுவும் சொல்லாமல் விட்டால், 101504 (இணைப்பில் பதில் வராமல் நேரம் முடிந்தது), 101505 (இணைப்பு நடுவில் மூடப்பட்டது) இரண்டையும் அது டைம்அவுட் வகையில் சேர்க்கும். மற்ற எல்லாத் தவறுகளும் நேரடி சஸ்பெண்ட். டைம்அவுட் வகைக்கும் எத்தனை முறை பொறுப்பது என்ற எண்ணிக்கை இயல்பாகப் பூஜ்யம். ஆக ஒரே ஒரு கோரிக்கை தாமதமானாலும் எண்ட்பாயின்ட் 30 வினாடி சஸ்பெண்ட். ஒரு பையன் தாமதமாக வந்ததற்கு மொத்த வகுப்பையும் வெளியே நிறுத்துகிற கதை.

இந்த வசதியை வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. பின்னால் பல சர்வர்கள் இருந்து, லோட் பேலன்ஸ் அல்லது ஃபெயில்ஓவர் எண்ட்பாயின்ட் போட்டிருந்தால் இது அருமையான வசதி. செத்த சர்வரை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்கு அனுப்பும். உங்களுக்குப் பின்னால் இருப்பது ஒரே முகவரி. ஒதுக்கினால் போக வேறு இடம் இல்லை.

இப்போது நீங்கள் மூன்றைச் சொல்லுங்கள்: எண்ட்பாயின்டில் டைம்அவுட் டியூரேஷன் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? கிளையண்டுகள் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன? கூட்டாளி அதிகபட்சம் எவ்வளவு நேரம் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்?

புதுப்பஸ்

நீங்கள் சொன்ன வரி அப்படியே இருக்கிறது, 30000 உட்பட. எச்சரிக்கை என்பதால் எர்ரரை மட்டும் வடிகட்டிப் பார்த்ததில் தப்பிவிட்டது.

எண்ட்பாயின்டில் டைம்அவுட் எதுவும் வைக்கவில்லை. டாட்நெட் பயன்பாடு இயல்பு அமைப்பில்தான் ஓடுகிறது. ஜாவா பயன்பாடுகள் 90 வினாடி. கூட்டாளி ஒப்பந்தத்தில் 30 வினாடி என்று எழுதியிருக்கிறார், எப்போதாவது மீறுவார்.

இரவுப்பணி

அப்படியானால் நடப்பது இதுதான். டாட்நெட்டில் சேவைகளைக் கூப்பிடும் டபிள்யூசிஎஃப் கிளையண்டில் செண்ட் டைம்அவுட் இயல்பாக 1 நிமிடம். இஎஸ்பியில் நீங்கள் எதுவும் சொல்லாததால் சினாப்ஸின் பொது டைம்அவுட், அதாவது 120 வினாடி. கிளையண்ட் 60-லோ 90-லோ கோபித்துக்கொண்டு போய்விடுகிறது. இஎஸ்பி 120 வரை காத்திருந்து, யாருமே எதிர்பார்க்காத நேரத்தில் எண்ட்பாயின்டை சஸ்பெண்ட் செய்கிறது. தாமதமான கோரிக்கைக்கும் மற்றவை தோற்கத் தொடங்குவதற்கும் இடையே இப்படி ஒரு இடைவெளி இருப்பதால்தான் இரண்டையும் முடிச்சுப் போட முடியாமல் தவிக்கிறீர்கள்.

வெளியிலிருந்து உள்ளே போகப் போக டைம்அவுட் குறைந்துகொண்டே வர வேண்டும். கூட்டாளி 30 என்றால் எண்ட்பாயின்ட் 40, கிளையண்ட் 60. 45 வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். சினாப்ஸ் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனிக் கடிகாரம் வைத்துப் பார்ப்பதில்லை. டைம்அவுட் ஹேண்ட்லர் என்று ஒன்று இயல்பாக 15 வினாடிக்கு ஒருமுறை எழுந்து, நேரம் முடிந்தவை எவை என்று பார்த்துவிட்டுத் தூங்கப் போகும். ஒரு கோரிக்கையின் நேரம் முடிந்த அடுத்த நொடியே அது எழலாம், கிட்டத்தட்ட 15 வினாடி கழித்தும் எழலாம். 45 என்று வைத்தால் சில நேரம் 60-ஐத் தொட்டுவிடும், டாட்நெட் முந்திக்கொள்ளும். 40 வைத்தால் மோசமான நிலையிலும் 55. சினாப்ஸ் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் அந்த இடைவெளியைக் குறைக்கலாம், ஆனால் அது சர்வர் முழுக்கப் பொருந்தும் அமைப்பு. வேறு வேலைகளும் அதே இஎஸ்பியில் ஓடுகின்றன என்கிறீர்கள், நான் தொடமாட்டேன்.

ரெஸ்பான்ஸ் ஆக்‌ஷனை ஃபால்ட் என்று வையுங்கள். பாஸ்-த்ரூ டிரான்ஸ்போர்ட்டின் (இஎஸ்பியில் செய்திகளை வாங்கி அனுப்பும் பகுதி) சாக்கெட் டைம்அவுட் இந்த 40-ஐவிடக் கீழே இருந்தால் அது முந்திக்கொண்டு கதையை மாற்றும், அதையும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்து சஸ்பெண்ட். 101504, 101505 இரண்டும் மார்க் ஃபார் சஸ்பென்ஷனில் (டைம்அவுட் வகையின் பட்டியல்) இருக்கட்டும், ரீட்ரைஸ் பிஃபோர் சஸ்பென்ஷன் 5 அல்லது 6, ரீட்ரை டிலே 0. அந்த டிலேயில் ஏதாவது எண் போட்டால் அந்த நேரத்திலும் கோரிக்கைகள் திரும்பி வரும். சஸ்பெண்ட் ஆன் ஃபெயிலியரில் 101503, 101508 மட்டும், அதாவது இணைப்பே கிடைக்காத நிலை. இனிஷியல் டியூரேஷன் 1000, ப்ரோக்ரஷன் ஃபாக்டர் 2, மேக்ஸிமம் டியூரேஷன் 60000. இதன்படி தொடர்ந்து தோற்றால் 1, 2, 4, 8, 16, 32 வினாடி என்று விலகி நிற்கும். அடுத்து 64 வர வேண்டும், உச்சவரம்பு இருப்பதால் 60-லேயே நிற்கும். இடையில் ஒரு கோரிக்கை வெற்றி பெற்றால் மறுபடி ஆக்டிவ்.

பைட்_வேட்டை

மாற்றுக் கருத்து. ஒரே பேக்எண்ட் என்றால் சஸ்பெண்டையே முழுதாக நிறுத்துங்கள். இரண்டு இடத்திலும் எர்ரர் கோடை -1 என்று வைத்தால் எண்ட்பாயின்ட் எப்போதும் ஆக்டிவ். இஎஸ்பி கோரிக்கையை அனுப்பட்டும், தோற்றால் தோற்கட்டும். எதற்கு இந்தக் கணக்கு எல்லாம்? பாஸ்-த்ரூ டிரான்ஸ்போர்ட்டில் பதிலுக்காகத் த்ரெட் எதுவும் பிடித்துவைக்கப்படுவதும் இல்லை, தேங்கி நிற்கும் என்ற பயமும் வேண்டாம்.

இரவுப்பணி

த்ரெட் விஷயம் நீங்கள் சொல்வது சரி. என் கவலை கூட்டாளியின் சர்வர் பற்றியது. அது விழுந்து எழும் நேரத்தில் புதுப்பஸ்ஸின் எல்லாப் பயன்பாடுகளும் சேர்ந்து மொத்தமாகப் போய் அடித்தால் மறுபடி விழும். இணைப்பே கிடைக்காதபோது மட்டும் ஒரு வினாடி, இரண்டு வினாடி விலகி நிற்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் -1 போட்டுப் பல காலம் நிம்மதியாக ஓட்டுபவர்களும் உண்டு. சின்ன அளவு டிராஃபிக் என்றால் நானே அதைத்தான் செய்வேன்.

இரட்டைக்_கம்பி

எனக்குப் புரியாத ஒன்று. கூட்டாளி இரண்டாவது முகவரி ஏதாவது தந்தால் ஃபெயில்ஓவர் எண்ட்பாயின்ட் போட்டுவிடலாமே? முதலாவது தாமதமானால் இரண்டாவதுக்குப் போகும். பயனருக்குத் தெரியவே தெரியாது.

எக்ஸ்எம்எல்_கிழவன்

தம்பி, அங்கேதான் வினை இருக்கிறது. கேள்வியின் முதல் வரியைப் படியுங்கள்: சரிபார்க்கவும் *திருத்தவும்*. ஒரு திருத்தக் கோரிக்கையை முதல் சர்வர் வாங்கி, தரவுத்தளத்தில் எழுதியும் விட்டது, பதில் மட்டும் தாமதம். இஎஸ்பி 101504 என்று எடுத்துக்கொண்டு அதே கோரிக்கையை இரண்டாவது சர்வருக்கு அனுப்பும். திருத்தம் இரண்டு முறை. முகவரி மாற்றம் என்றால் பரவாயில்லை, இரண்டு முறை எழுதினாலும் அதே முகவரிதான். புதிய பதிவு சேர்ப்பது என்றால்?

ஃபெயில்ஓவர் வேண்டுமானால் அதன் குழந்தை எண்ட்பாயின்டுகளில் ரீட்ரை கான்ஃபிக் என்ற பகுதியைப் போட்டு, டிசேபிள்டு எர்ரர் கோட்ஸில் 101504, 101505 இரண்டையும் எழுதுங்கள். இணைப்பே கிடைக்கவில்லை என்றால் மட்டும் அடுத்த சர்வருக்குப் போகும். சந்தேகமான நிலையில் போகாது.

ஆரக்கிள்_வாசி

இந்த விஷயம் எல்லா இஎஸ்பியிலும் ஒன்றுதான். ஆரக்கிள் சர்வீஸ் பஸ்ஸில் வெளியே தெரியும் முகம் ப்ராக்ஸி சர்வீஸ், உள்ளே கூட்டாளியைக் கூப்பிடுவது பிசினஸ் சர்வீஸ் என்று இரண்டாகவே பிரித்திருப்பார்கள். ரீட்ரை கவுண்ட், ரீட்ரை இடைவெளி எல்லாம் பிசினஸ் சர்வீஸ் பக்கம். அங்கே "ரீட்ரை அப்ளிகேஷன் எர்ரர்ஸ்" என்று ஒரு தேர்வு இருக்கும், அதை நோ ஆக்கிவிடுவது எங்கள் அணியில் எழுதப்படாத சட்டம். பேக்எண்ட் "இந்த வாடிக்கையாளர் எண் தவறு" என்று ஃபால்ட் அனுப்பினால் அதையே மறுபடி மறுபடி அனுப்பி என்ன பயன்?

புதுப்பஸ்

ஃபால்ட் என்றதும் நினைவு வருகிறது. கூட்டாளி தவறான எண்ணுக்கு சோப் ஃபால்ட் தருகிறார். என் ஃபால்ட் சீக்வென்ஸில் லாக் வைத்திருக்கிறேன், அது ஒருமுறைகூட எழுதவில்லை. கிளையண்டுக்கு ஃபால்ட் மட்டும் சரியாகப் போய்ச் சேருகிறது. எப்படி?

இரவுப்பணி

பலர் தடுக்கி விழும் இடம். ஃபால்ட் சீக்வென்ஸ் என்பது இஎஸ்பிக்குள் அல்லது போக்குவரத்தில் ஏற்படும் தவறுக்கு: இணைப்பு கிடைக்கவில்லை, டைம்அவுட், மீடியேட்டர் உடைந்தது. பேக்எண்ட் அனுப்பும் சோப் ஃபால்ட் அதன் பார்வையில் ஒழுங்காக வந்து சேர்ந்த ஒரு பதில். அதனால் அவுட் சீக்வென்ஸ் வழியாகவே போகும்.

அதை ஃபால்ட் சீக்வென்ஸுக்குத் திருப்ப ஃபோர்ஸ்_எர்ரர்_ஆன்_சோப்_ஃபால்ட் என்ற ப்ராப்பர்ட்டி இருக்கிறது. போடுவதற்கு முன் இரண்டு விஷயம். அது போட்டபின் ஃபால்ட் சீக்வென்ஸில் சினாப்ஸ் ஸ்கோப் ப்ராப்பர்ட்டிகள் மட்டுமே கிடைக்கும், ஆக்சிஸ்2 ஸ்கோப்பில் வைத்தவை கிடைக்காது. அதோடு எண்ட்பாயின்டும் அந்த ஃபால்டை ஒரு தோல்வியாக, 500000 என்ற எண்ணோடு பார்க்கும். சஸ்பெண்ட் அமைப்பை இயல்பிலேயே விட்டிருந்தால், யாரோ ஒருவர் தவறான வாடிக்கையாளர் எண் தட்டியதற்கு எண்ட்பாயின்ட் சஸ்பெண்ட் ஆகும்! உங்களுக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து. கூட்டாளியின் ஃபால்ட் அப்படியே கிளையண்டுக்குப் போகட்டும். அவுட் சீக்வென்ஸில் ஃபில்டர் வைத்து ஃபால்ட் வந்ததா என்று மட்டும் எண்ணிக்கொள்ளலாம்.

உங்கள் ஃபால்ட் சீக்வென்ஸைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதில் வெறும் லாக் மட்டும் இருந்தால் கிளையண்டுக்குப் பதிலே போகாது, அது தன் டைம்அவுட் வரை காத்துக் கிடக்கும். எண்ட்பாயின்டில் 40 வினாடி வைத்ததெல்லாம் வீண். மேக் ஃபால்ட் மீடியேட்டரில் ஒரு ஃபால்ட் உருவாக்கி, ரெஸ்பான்ட் செய்ய வேண்டும்.

என்ன ஃபால்ட் என்பதில் கொஞ்சம் யோசியுங்கள். பெரும்பாலானோர் எல்லாவற்றுக்கும் "சேவை தற்போது கிடைக்கவில்லை" என்று ஒரே வாசகத்தை அனுப்பிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். கிளையண்டுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: என் கோரிக்கை கூட்டாளியிடம் போகவே இல்லையா, அல்லது போனதா இல்லையா என்றே தெரியாதா? 303001, 101503, 101508 வந்தால் நிச்சயமாகப் போகவில்லை. கிளையண்ட் தைரியமாக மறுபடி அனுப்பலாம். 101504, 101505 வந்தால் கூட்டாளி வேலையை முடித்திருக்கவும் கூடும். முதலில் ஒரு சரிபார்ப்புக் கோரிக்கை அனுப்பி நிலவரம் பார்த்துவிட்டுத்தான் மறுபடி திருத்தம் அனுப்ப வேண்டும். ஃபால்ட் சீக்வென்ஸில் எர்ரர்_கோட் ப்ராப்பர்ட்டியில் இந்த எண் கிடைக்கும். ஒரு ஸ்விட்ச் வைத்து, இரண்டு வகைக்கும் இரண்டு தனி ஃபால்ட் கோடு கொடுங்கள். டீட்டெயிலில் எர்ரர் மெசேஜை அப்படியே ஒட்டாதீர்கள், உள்ளே சர்வர் பெயரெல்லாம் இருக்கும்.

ப்ராக்ஸி போட்டதும் கிளையண்டுக்கும் கூட்டாளிக்கும் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் வந்துவிட்டார். நேரடி இணைப்பில் தோன்றாத சந்தேகங்களை அவர் உண்டாக்குகிறார், தீர்த்துவைப்பதும் அவர் வேலையாகவே இருக்கட்டும்.

இரட்டைக்_கம்பி

இந்த இரண்டு வகை ஃபால்ட் யோசனையை எங்கள் இடத்திலும் கொண்டுபோகிறேன். இப்போது எங்கள் ஆட்கள் எது வந்தாலும் மறுபடி அனுப்பு பொத்தானைத்தான் அழுத்துகிறார்கள்.

பைட்_வேட்டை

லாக் பற்றி யாரும் பேசவில்லை. புதுப்பஸ், ப்ராக்ஸியில் லாக் லெவல் ஃபுல் வைத்திருக்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

புதுப்பஸ்

இன், அவுட் இரண்டிலும். தேடிக்கொண்டிருப்பதால் வைத்தேன்.

பைட்_வேட்டை

எடுத்துவிடுங்கள். பாஸ்-த்ரூ டிரான்ஸ்போர்ட்டின் அழகே செய்தியைப் பிரிக்காமல் பைட்டாகவே கடத்துவதுதான். ஃபுல் லாக் வைத்த கணமே முழுச் செய்தியையும் எக்ஸ்எம்எல் மரமாகக் கட்ட வேண்டும். கோரிக்கைப் பக்கம் செக்யூரிட்டி ஹெடர் செருகுவதால் எப்படியும் கட்டத்தான் வேண்டும், அது வேறு. பதில் பக்கம் நீங்கள் எதையும் தொடவில்லை, அங்கே சும்மா கட்டுவானேன்? ஸ்கேன் செய்த ஆவணம் ஏதாவது இணைப்பாக வந்தால் மெமரி எகிறும்.

அதைவிட முக்கியம், வாடிக்கையாளர் விவரம் முழுக்க லாக் ஃபைலில் போய் உட்காருகிறது, யூசர்நேம் டோக்கனின் பாஸ்வேர்டும் சேர்த்து. லாக் லெவலை கஸ்டம் ஆக்கி, கோரிலேஷன் ஐடி (ஒரு கோரிக்கையைத் தொடர்ந்து அடையாளம் காட்டும் எண்), ஆபரேஷன் பெயர், எர்ரர் கோடு மூன்றை மட்டும் எழுதுங்கள். பைட் பைட்டாகப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் சோதனைச் சர்வரில் வயர் லாகை (வந்து போகும் பைட்டுகளை அப்படியே எழுதும் லாக்) திறந்துகொள்ளுங்கள்.

மியூல்_ஓட்டுநர்

மியூல் 3-இல் இதே வேலையை சிஎக்ஸ்எஃப் ப்ராக்ஸி சர்வீஸ், ப்ராக்ஸி கிளையண்ட் என்ற ஜோடியால் செய்வோம். தேடி வருபவர்களுக்காக ஒரு குறிப்பு: அதில் பேலோட் என்பது இயல்பாக பாடி. அதாவது சோப் உறையின் உள்ளே இருப்பது மட்டும்தான் கைக்கு வரும், ஹெடர்கள் வராது. செக்யூரிட்டி ஹெடரைக் கடத்த வேண்டியவர்கள் பேலோடை என்வலப் என்று மாற்ற வேண்டும்.

புதுப்பஸ்

எல்லாவற்றையும் செய்து சோதனைச் சர்வரில் போட்டேன். கூட்டாளிக்குப் பதிலாக ஒரு மாக் (போலி) சேவை வைத்து, வேண்டுமென்றே 70 வினாடி தாமதம் கொடுத்தேன். 40-க்கும் 55-க்கும் நடுவில் கிளையண்டுக்கு "நிலை தெரியவில்லை" ஃபால்ட் வருகிறது, இரவுப்பணி சொன்ன கணக்கேதான். பக்கத்தில் ஓடிய மற்ற கோரிக்கைகள் பாதிக்கப்படவில்லை. மாக்கை நிறுத்தினால் "போகவில்லை" ஃபால்ட் உடனே வருகிறது, மறுபடி ஓடவிட்டால் சில வினாடியில் எல்லாம் சரியாகிறது.

கடைசியாக ஒன்று. சோதனைச் சர்வர் லோட் பேலன்சருக்குப் பின்னால் இருக்கிறது. ப்ராக்ஸியின் டபிள்யூஎஸ்டிஎல்லில் சோப் அட்ரஸ் பகுதியில் இஎஸ்பி இயந்திரத்தின் உள் பெயரும் 8243-ம் வருகிறது. டாட்நெட்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு இணைப்பு இல்லை என்கிறார்கள்.

எக்ஸ்எம்எல்_கிழவன்

ஆக்சிஸ்2 எக்ஸ்எம்எல் ஃபைலில் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் டிரான்ஸ்போர்ட் ரிசீவர் இரண்டுக்கும் டபிள்யூஎஸ்டிஎல் ஈபிஆர் ப்ரீஃபிக்ஸ் என்ற பாராமீட்டர் இருக்கிறது, கமெண்ட்டாக மூடி வைத்திருப்பார்கள். திறந்து லோட் பேலன்சரின் முகவரியைப் போடுங்கள். ரீஸ்டார்ட் வேண்டும். சர்வரில் உள்ள மற்ற ப்ராக்ஸிகளின் டபிள்யூஎஸ்டிஎல்லிலும் இந்த முகவரிதான் வரும், அந்த அணிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புதுப்பஸ்

சொல்லிவிட்டு மாற்றினேன், முகவரி சரியாக வருகிறது. டாட்நெட் அணி ஸ்டப்பை மறுபடி உருவாக்கிக்கொண்டது. அந்தப் பழைய பயன்பாட்டை மட்டும் கடைசியாக மாற்றப் போகிறேன். அதில் முகவரி எங்கே எழுதியிருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.